பால் ஊற்றாத டீ

டவாலிச் சேவகன் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் தாலுகா ஆபீசுக்குப் பின்னால், வாய்க்கால் கரைக் கருவைப் புதருக்குள் குந்தியிருந்தேன். கூப்பிட்டது நன்றாகவே காதில் விழுந்தது. "ஓடைக்குடி மருதையன்! மருதையன்! மருதையன்!" ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கப் பார்த்தேன். வயிறு விடவில்லை. இதை நாசூக்காகச் சொல்ல வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள். நாசூக்குப் பார்த்தே இரண்டு வருஷத்தைப் பாழாக்கியவன் நான்.

வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தபோது தாசில்தார் அடுத்த மனுவுக்குப் போய்விட்டார். குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னார்: "மனுதாரர் ஆஜராகலைன்னு எழுதியாச்சு. அக்டோபர் அஞ்சு வாய்தா. அன்னைக்கும் ஆள் இல்லேன்னா மனு தள்ளுபடி."

இடையில் நாற்பத்தைந்து நாள் இருந்தது.

மனு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓடைக்குடி கீழத்தெருவில் எங்கள் குடிசைகள் பதினொன்று. எல்லோரும் பண்ணை பஞ்சநதத்தின் வயலில் கூலி வேலை செய்பவர்கள். குடிசை நிற்கிற மண்ணும் பண்ணையின் பேரில்தான் இருந்தது. கழக ஆட்சியில், எழுபத்தொன்றில், ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் விவசாயக் கூலி எந்த மனையில் குடியிருந்தானோ, அந்த மனை அவனுக்கே சொந்தம். பண்ணை என்ன செய்தார் தெரியுமா? அங்கே தெருவே கிடையாது, வெறும் தென்னந்தோப்பு, சட்டம் வந்த பிறகு கூலிச் சங்கத்துக்காரன்கள் கொடியை நட்டுக் குடிசை போட்டுவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மனு தள்ளுபடியானால் மறுநாளே குடிசையைப் பிரிக்க ஆள் வரும். பதினொரு குடும்பத்துக்கும் போக்கிடம் கிடையாது.

மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான் ஒருவன்தான். மற்றப் பத்துக் குடும்பத்துக்காரர்களும் கைநாட்டு. கையெழுத்துப் போட்டவன்தான் பேச வேண்டும் என்று நான் சொன்னேன், எல்லோரும் சரி என்றார்கள். சங்கத்தில் எழுதப் படித்த ஆள் என்ற மிதப்பு எனக்கு அப்போது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. பண்ணையின் காரியஸ்தர் அமிர்தலிங்கம் போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போயிருந்தார். மருதையன் பண்ணையோடு பேசி முடித்துவிட்டான், அதனால்தான் கூப்பிடும் நேரத்தில் ஒதுங்கிவிட்டான் என்று. தெருவில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுப் பூவம்மாள், என் மனைவிக்குச் சித்தி, வழக்கமாக நான் வந்தால் "வா மாப்ளே" என்பவள், குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சங்கத் தலைவன் விலை போனான் என்றால்கூட ஒரு கெத்து இருக்கிறது. சங்கத் தலைவன் பேதியில் உட்கார்ந்திருந்தான் என்றால் என்ன இருக்கிறது? அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

என் மனைவி அம்சவல்லிக்கு மட்டும் தெரியும். ஒரே குடிசையில் இருந்துகொண்டு இதையெல்லாம் மறைக்க முடியாது. சில நாள் காலையில் நான்கு தடவை வயலோரம் ஓடுவேன். சில நாள் அடிவயிற்றை முறுக்கிப் பிழியும். சில நாள் ஒன்றுமே வராமல் உப்பிக் கிடக்கும். பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் சாதுவாக இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த கூலி வேலைநிறுத்தத்தின்போது லாக்கப்பில் ஒரு போலீஸ்காரர் என் வயிற்றில் மிதித்தார். அதனால் வந்த வினை இது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்தக் காரணம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

"லாக்கப்புக்குப் போகத் தெரியுது, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல படுத்து மறியல் பண்ணத் தெரியுது, ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் கால் வரலையாக்கும்?" என்றாள் அம்சவல்லி. "இதுக்காக நாளைக்கு என் புடவை துணியெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு ரோட்டுல நிக்க மாட்டேன்யா. கெளம்பு."

நாகப்பட்டினம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நூர்ஜஹான், நாகூர்க்காரர், என்னைவிடச் சின்ன வயசு. வயிற்றை அழுத்திப் பார்த்தார். மலத்தை, ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். நான்கு நாள் கழித்து மறுபடி வரச் சொல்லி, காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புண் இல்லை, பூச்சி இல்லை, மிதிபட்ட காயமும் இல்லை. குடல் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுது கோபக்காரக் குடல். மத்தவங்க குடல் சும்மா இருக்கிற விஷயத்துக்கெல்லாம் இது சீறும்."

"கோபத்துல எங்காளுதான்னு நல்லாத் தெரியுதுங்க" என்றாள் அம்சவல்லி.

"மாத்திரை தர்றேன். அது பாதிதான். எது ஒத்துக்கலைன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். வாயில போறது எல்லாத்தையும் எழுதுங்க. எப்ப ஓடினீங்கன்னும் எழுதுங்க. எது மேல சந்தேகமோ அதை ஒரு வாரம், பத்து நாள் நிறுத்திப் பாருங்க. ஒரே நேரத்துல ரெண்டை நிறுத்தாதீங்க, எதுன்னு தெரியாமப் போயிடும். பயம் வந்தாலும் வயிறு கலக்கும். அதையும் எழுதுங்க."

"எனக்குப் பயமெல்லாம் கிடையாதுங்க டாக்டரம்மா."

"அப்ப அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க" என்றார் டாக்டர். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

வேலைநிறுத்த நோட்டீஸ் ஒரு கட்டு மிச்சம் கிடந்தது. முன்பக்கம் 'கூலி உயர்வு கேட்டு' என்று கொட்டை எழுத்து, பின்பக்கம் வெறுமை. அதில் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். காலை: பழைய சோறு, பச்சை மிளகாய். மதியம்: சோறு, கருவாட்டுக் குழம்பு. இரவு: சோறு, ரசம். ஓடியது: காலை மூன்று, மாலை ஒன்று. ஒரு வேலையை எடுத்தால் நான் சளைக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் விடாமல் எழுதினேன்.

முதலில் கருவாட்டை நிறுத்தினேன். ஒரு வாரம். மாற்றமில்லை. கருவாட்டை மறுபடி சேர்த்துக்கொண்டு மிளகாயை நிறுத்தினேன். ஒரு வாரம் அம்சவல்லி எனக்கென்று தனியாக உப்பும் புளியும் மட்டும் போட்ட குழம்பு வைத்தாள். அதைக் குழம்பு என்று சொல்வது குழம்புக்கு அவமானம். மாற்றமில்லை. பிறகு பழைய சோறு. தலைமுறை தலைமுறையாக எங்கள் சனம் தின்று வயலில் இறங்கிய சோறு. அதன் மேல் சந்தேகப்பட்டு ஒரு வாரம் விட்டேன். காலையில் பசி காதை அடைத்தது. வயிறு இன்னும் மோசமானது. புதன்கிழமை ஆறு தடவை. நாற்பத்தைந்தில் இருபத்தெட்டு நாள் கரைந்துவிட்டது. நோட்டீஸ் கட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கி அடுக்கினேன்.

அப்போது குறுவை அறுப்புக்கு ஆள் கேட்டு வந்தார்கள். வடக்கே எட்டு மைல் தள்ளி ஒரு கிராமம், நான்கு நாள் வேலை. நானும் அம்சவல்லியும் போனோம். வெறுத்துப் போயிருந்ததால் அங்கே எதையும் ஒதுக்கவில்லை. காலையில் பழைய சோறும் மிளகாயும். மதியம் கருவாடு. களத்து மேட்டில் உட்கார்ந்து நாக்கு எரிய எரியத் தின்றேன். எழுத மட்டும் எழுதினேன். நான்கு நாளும் காலையில் ஒரே ஒரு தடவை, மனிதன் போகிற மாதிரி போய்விட்டு வந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை கடைக்குப் போய்விட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் வயல் பக்கம் ஓட்டம்.

நான் திரும்பி வந்தபோது அம்சவல்லி நோட்டீஸ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து வரிவரியாகப் போனாள்.

"ஏன்யா, இதுல டீ எங்க?"

"எந்த டீ?"

"தினம் மூணு வேளை தியாகராசன் கடையில ஊத்திக்கிறியே, அந்த டீ. ஒரு நாள்கூட எழுதலையே?"

"டீ என்ன சாப்பாடா? அது சங்க வேலை புள்ள."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

தியாகராசன் கடைப் பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை எங்கள் தெருக்காரர்களுக்கு அங்கே தகரக் குவளை, தனியாக ஆணியில் மாட்டியிருக்கும். நாமே எடுத்து, நின்று குடித்து, நாமே கழுவி மாட்ட வேண்டும். பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்தோம், அதில் கூலியோடு பெஞ்சும் ஒரு கோரிக்கை. ஜெயித்தோம். முதல் நாள் நான்தான் போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் டீ குடித்தேன். அன்று முதல் காலை, மதியம், மாலை தவறியதில்லை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்தை வேறு யாரோ பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். இந்தப் பயத்தையும் நான் நோட்டீசில் எழுதவில்லை.

அந்த டீ எனக்குப் பிடித்திருந்ததா? யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன் நான் பால் குடித்தது கிடையாது. எங்கள் தெருவில் மாடு மேய்க்கத்தான் ஆள் உண்டு. பால் பண்ணை வீட்டுக்குப் போய்விடும். தகரக் குவளைக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்ததும் வடிகட்டிய சக்கைத் தண்ணீர்தான். பெஞ்சும் பாலும் சேர்ந்தே வந்தன. வயிற்று வலியும் அந்த மாசமே வந்தது. நான் என்ன செய்தேன்? கருவாட்டைக் குற்றம் சொன்னேன், மிளகாயைக் குற்றம் சொன்னேன், எங்கள் பழைய சோற்றைக் குற்றம் சொன்னேன். அறுப்புக்குப் போன ஊரில் டீக்கடையே இல்லை என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்த நாளில் பசியை அடக்க இன்னும் ஒரு டீ கூடக் குடித்தேன். என்னைப் போல முட்டாள் தாலுகாவில் இருக்க முடியாது.

"விட்டுடுய்யா" என்றாள் அம்சவல்லி.

"எப்படி விடறது? ஏற்கெனவே நான் பண்ணையோட பேசிட்டேன்னு ஊரே சொல்லுது. நாளையிலேருந்து பெஞ்சுக்கும் போகலேன்னா, பெஞ்சையும் வித்துட்டான்னு அமிர்தலிங்கம் தமுக்கு அடிப்பாரு."

"அப்ப போயி உக்காரு. டீயை மட்டும் குடிக்காத."

மறுநாள் அப்படித்தான் செய்தேன். கிளாசை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் பெஞ்சுக்குப் பின்னால் ஊற்றினேன். தியாகராசன் பார்த்துவிட்டான். "என்ன மருதையா, என் பாலுல தண்ணின்னு குத்தம் சொல்றியா?" என்றான். நான் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று வயிறு அமைதியாக இருந்தது. இரண்டாம் நாளும் அமைதி. மூன்றாம் நாள் பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று வேண்டுமென்றே ஒரு கிளாஸ் குடித்தேன். முப்பது நிமிஷம். வயல். சந்தேகம் தீர்ந்தது.

நான்காம் நாள் போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எங்கள் தெருக்காரர் மூன்று பேர். ஓரத்தில் அமிர்தலிங்கம் காரியஸ்தர், பேப்பரோடு.

"தியாகராசா, பால் ஊத்தாம ஒரு டீ குடு."

தியாகராசன் கை ஆற்றுகிற மேனிக்கே நின்றது. "எதுக்குப்பா வம்பு? இன்னைக்குப் பால் ஊத்தாம வாங்கிக்குவ. நாளைக்கு, கீழத்தெருக்காரனுக்குத் தியாகராசன் பால் ஊத்த மாட்டேங்கிறான்னு கொடியைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பீங்க. பதினேழு நாள் கடையைச் சாத்தி நான் பட்ட பாடு போதும். பாலோடதான் தருவேன். இஷ்டம்னா குடி."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு ஒருவன் அப்படிக் கேட்டு, அவன் கொடுத்திருந்தால் நானே கொடி பிடித்திருப்பேன். ஆக, பால் இல்லாத டீ வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில், காரியஸ்தரின் பேப்பருக்கு எதிரே.

கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. லத்திக்கு முதுகைக் காட்டினேன், பண்ணை வீட்டு வாசலில் நின்று கத்தினேன், ஒரு குடலுக்கு வெட்கப்பட்டு ஊர்ச் சொத்தைத் தொலைக்கப் போகிறேனா?

"எனக்குப் பால் ஒத்துக்கலைய்யா! குடிச்சா அரை மணி நேரத்துல வயித்தால போகுது. ரெண்டு வருஷமாப் போகுது. அன்னைக்குத் தாலுகா ஆபீசுல என் பேரைக் கூப்பிட்டப்ப வாய்க்கால் கரையில குந்தியிருந்தேன். பண்ணையோட பேசப் போகலை. பேதிக்குப் போனேன். போதுமா? டாக்டரம்மா சீட்டு இருக்கு, பாக்குறியா?"

எங்கள் தெருக்காரன் ஒருவன்தான் முதலில் சிரித்தான். அடுத்து எல்லோரும். தியாகராசன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் இல்லாமல் ஒரு கிளாஸ் போட்டுக் கொடுத்தான். அதே கண்ணாடி கிளாஸ், அதே பெஞ்சு. காதெல்லாம் கொதித்தது எனக்கு. உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். கசப்பாகத்தான் இருந்தது. அமிர்தலிங்கம் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வீடு போவதற்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. பூவம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "ஏன் மாப்ளே, இதைச் சொல்றதுக்கு என்ன? எங்களுக்கெல்லாம் வயிறு இல்லையா?" என்று கேட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைத் திட்டினாள். அவள் திட்டியது எனக்கு நன்றாக இருந்தது.

மிச்சமிருந்த நாளில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன்: மொச்சை. அதையும் நிறுத்தினேன். பண்ணை வேலையில்லாத நேரத்தில் சாட்சி சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். எந்த வருஷம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எல்லாம் சங்க ஆபீசில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அக்டோபர் அஞ்சாம் தேதி காலையில் உப்புப் போட்ட கஞ்சி அரை செம்பு. அதற்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தெருவே கிளம்பி வந்தது. மற்றவர்கள் வராந்தாவில் உட்கார, நான் கதவோரம் நின்றேன்.

பத்து மணிக்கு நின்றேன். கூப்பிட்டபோது மூன்று மணி. முதல் குரலிலேயே "இருக்கேன்யா!" என்று கத்தியதில் டவாலியே திடுக்கிட்டான்.

தாசில்தார் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னேன். சட்டத்தின் நம்பரைக்கூடச் சொன்னேன். பிறகு பண்ணையின் வக்கீல் எழுந்தார்.

"நீ பொறந்த ஊர் எது?"

"கோடியக்கரைங்க. எங்கப்பா உப்பளத்துல வேலை."

"ஓடைக்குடிக்கு எப்ப வந்தே?"

"அறுபத்தொண்ணுல. கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தேன்."

"அதாவது பொண்டாட்டி வீட்டுல வந்து ஒட்டிக்கிட்ட ஆளு. அறுபத்தொண்ணுல அங்க தெரு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி? ரேஷன் கார்டுல தெருப் பேர் இருக்கா? வரி கட்டுன ரசீது இருக்கா?"

"கார்டுல ஊர் பேரு மட்டும்தாங்க போட்டிருக்கு. ரசீது எங்களுக்கு யாருங்க குடுத்தா?"

"இல்லை. எழுதிக்கணும் ஐயா. அதுக்கு முந்தி அங்க என்ன இருந்துச்சுன்னு நீ பார்த்தியா?"

"பார்க்கலைங்க. சொன்னாங்க."

"சொன்னாங்களாம்! ஐயா, ஊருக்கே புதுசா வந்தவன் கேள்விப்பட்டதைச் சொல்றான். இதுதான் அவங்க சாட்சி."

நான் மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை. அடிவயிற்றில் அந்தப் பழைய முறுக்கல் தொடங்கியது. பால் குடிக்கவில்லை, மொச்சை தின்னவில்லை. டாக்டர் காலியாக விடச் சொன்ன அந்த இடத்துக்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பயந்துபோயிருந்தேன். பதினொரு வீடும் என் ஒரு வாயால் போகப் போகிறது என்ற பயம். பல்லைக் கடித்தேன். முடியவில்லை.

"ஐயா, எனக்கு வயித்தால போற வியாதி. இப்ப வெளிய போயே ஆகணும். ஓடலைங்க. திரும்பி வருவேன்."

"பயத்துல பிடுங்குது" என்று வக்கீல் சிரித்தார்.

"ஆமாங்க, பயத்துலயும் பிடுங்கும். டாக்டரே சொல்லியிருக்காங்க" என்றேன்.

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம். கூப்பிடறப்ப இல்லேன்னா இருக்கிறதை வச்சு முடிச்சுடுவேன்."

வராந்தாவில் அம்சவல்லி தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்தாள். ஓடினேன்.

ஐந்து நிமிஷத்தில் அடங்குகிற வயிறா அது? புதருக்குள் இருந்தபடியே டவாலியின் குரலைக் கேட்டேன். "ஓடைக்குடி மருதையன்!" கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் குரல் கேட்டது. என் மனைவியின் குரல்.

"இருக்காரு! வயித்துக்குப் போயிருக்காரு. வர்ற வரைக்கும் நாங்க சொல்றோம்."

"நீங்க யாரு?"

"மனுவுல கைநாட்டு வச்சவங்க. அது எங்க மனுவுந்தானே?"

வக்கீல் ஏதோ கத்தினார். தாசில்தார் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் கால் கழுவிக்கொண்டு ஓடி வந்து வாசலில் நின்றபோது உள்ளே பூவம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பண்ணை வரப்பில் எதிரே வந்தால் சேற்றில் இறங்கித் தலையைக் குனிகிற பூவம்மாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே காரியஸ்தரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்பத்திரெண்டு கார்த்திகைப் புயல்ல என் குடிசை அப்படியே படுத்துருச்சுங்க. எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம். மறுநாள் பண்ணையிலேருந்துதான் கூரைக்குக் கீத்து குடுத்தாங்க, வீட்டுக்கு முப்பது கீத்து. பதினொரு வீட்டுக்கும் குடுத்தாங்க. யாரு எண்ணிக் குடுத்தாங்கன்னு கேளுங்க. இதோ நிக்கிறாரே, இந்த அமிர்தலிங்கம் ஐயாதான். எனக்கு ரெண்டு கீத்து கொறைஞ்சுதுன்னு கேட்டேன். புதுப்பொண்ணு வாயைப் பாருன்னு திட்டிட்டு, நாலாக் குடுத்தாரு. அன்னைக்குத் தெரு இல்லேன்னா கீத்து எதுக்குங்க? தென்னைக்கா கீத்து போட்டாங்க?"

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். இந்தக் கதை எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் அடுத்த வீட்டில் இருந்தும் நான் அவளைக் கேட்டதில்லை. சட்டத்தின் நம்பரை மனப்பாடம் செய்தேனே ஒழிய, தெருவில் ஒருத்தரையும் கேட்கவில்லை.

தாசில்தார் காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "கீத்து குடுத்தீங்களா?"

அமிர்தலிங்கம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். "அது... புயல் நேரம். பண்ணை உத்தரவு. ஒரு தர்மமா..."

"யாருக்கு?"

"அந்தத் தெரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வக்கீல் நெற்றியில் கை வைத்தார்.

நான் உள்ளே நுழையப் போனேன். டவாலி கையை நீட்டித் தடுத்தான்.

"யாருய்யா நீ?"

"மருதையன். கூப்பிட்டீங்களே."

"இரு. அந்தம்மா சொல்லி முடிக்கட்டும்."

அவள் முடித்தாள். அவளுக்குப் பின்னால் அம்சவல்லி சொன்னாள், பிறகு இன்னும் மூன்று பேர். எல்லோரும் சொன்ன பிறகுதான் என் முறை வந்தது. "மேல சொல்ல ஏதாவது இருக்கா?" என்று தாசில்தார் கேட்டார். இத்தனை நாள் உருப்போட்ட பேச்சு தொண்டை வரை இருந்தது.

"இல்லீங்க. அவங்க சொன்னதுதான்."

அவர் குமாஸ்தாவைப் பார்த்து, சட்டம் வருவதற்குப் பத்தொன்பது வருஷம் முந்தியே அங்கே குடியிருப்பு இருந்தது எதிர்த்தரப்புக் காரியஸ்தர் வாயாலேயே ஊர்ஜிதமாகிறது, மனு ஏற்கப்படுகிறது என்று எழுதச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீலும் காரியஸ்தரும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் வாசல் முழுக்கக் கூட்டம். அந்தக் கோடியிலிருந்து பூவம்மாள் கூப்பிட்ட குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மாப்ளே! வயிறு தேவலையா?"

முன்பென்றால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்று அவள் குரலுக்கு மேலேயே கத்தினேன்.

"தேவலை அத்தை! தெரு நம்மளுது!"